அப்பா ஆணியில் மாட்டிய போர்வை

எனக்குத் தொழில் மைக் செட்டு. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்த ஊரில் காது குத்தினாலும், கல்யாணம் நடந்தாலும், காரியம் நடந்தாலும் டியூப் லைட்டைக் கட்டி, பாட்டைப் போட்டு, இடையிடையே மைக்கில் நாலு வார்த்தை பேசுவது என் வேலை. அந்த நாலு வார்த்தையில் ஒன்றாவது கோளாறாக இருக்கும். ஒரு சாவு வீட்டில் வாய்ப் பழக்கத்தில், "விழாவைச் சிறப்பிக்க வந்திருக்கும் அனைவருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டேன். பிணத்தைத் தவிர எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு அதுவும் திரும்பியிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

ஊருக்கெல்லாம் சீரியல் லைட் போடுகிறவன் வீட்டு ஹாலில், ஒரு சுவரில் ஓதம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். சுண்ணாம்பு உரிந்து, நடுவில் கறுப்பாக மாட்டு முகம் மாதிரி ஒரு கறை. முன்பெல்லாம் அது தெரியாது. செத்துப்போன என் அப்பாவின் படம் அதை மறைத்துக்கொண்டு மாலையோடு தொங்கியது. அண்ணன் புது வீடு கட்டியதும், "அப்பா பெரியவன்கிட்டதான் இருக்கணும்" என்று படத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். படம் மாட்டியிருந்த ஆணி, அதற்கு மேலே காலி பல்பு ஹோல்டர், கீழே ஓதம். இந்த மூன்றும் என் பங்குக்கு வந்த பிதுரார்ஜிதம்.

என் மனைவி வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். போன வருஷம் போனில் எதையோ பார்த்துவிட்டு, பழைய துணிகளை வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைக்கப் போவதாகக் கிளம்பினாள். சும்மா துணி இல்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் உடுத்திய துணியில் ஆளுக்கு ஒரு துண்டு வேண்டுமாம். வீடு வீடாகப் போய்க் கேட்டாள். பாதிப் பேர் பயந்தார்கள்.

"இன்னாடி, கட்டின துணிய கேக்கற? செய்வினை கிய்வினை வெக்கப் போறியா?"

"உனக்கு வெக்கறதுக்கு நான் எதுக்கு மந்திரவாதியத் தேடி மலைக்குப் போவணும் சித்தி? நாலு நாள் உங்கூட பேசாம இருந்தா போதாது?"

இப்படிப் பேசிப் பேசியே வாங்கிவந்தாள். மல்லுக்கட்டாமல் கொடுத்தது ஒரே ஒருத்தி. என் மனைவியின் அண்ணன் பெண்டாட்டி. முறைக்கு எனக்குத் தங்கை ஆகவேண்டும். மலையடிவாரத்தில், வெள்ளிமலை பஸ் திரும்புகிற ரோட்டோரம் அவள் வீடு.

அவள் புருஷன், என் மச்சான், மலைக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர். மகள் எட்டாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி மழையில் ஆளைக் காணோம். கரியாலூருக்குக் கீழே ஒரு வளைவில் ஜீப் ஒதுங்கி நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. சாவி இருந்தது. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பள்ளம், ஓடை, காடு எல்லாம் தேடினோம். நானும் மைக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எதிர்மலை என் குரலையே எனக்குத் திருப்பிக் கொடுத்தது. அவர் வரவில்லை. அவர் உடம்பும் வரவில்லை.

அவள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. இன்னொன்றும் செய்தாள். அவருடைய மரக்கலர் கட்டம் போட்ட சட்டையை வெள்ளிக்கிழமை தவறாமல் சவுக்காரம் போட்டுத் துவைத்து, வாசல் கொடியில் காயப்போடுவாள். ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியவேண்டும், இது ஆம்பளை இருக்கிற வீடு என்று. யாரும் போடாத சட்டை. துவைத்தே நைந்து போயிற்று.

அந்தச் சட்டையைத்தான் மடித்து என் மனைவி கையில் கொடுத்தாள்.

"இதுக்கு மேல தோச்சா கையோட வந்துடும். தூக்கிப் போட மனசு வரல. செத்தவங்க துணியத்தான தூக்கிப் போடுவாங்க? நீ இத சேத்துத் தைய்யி. ஆனா ஒண்ணு, அதுல இருக்கறது அத்தினியும் உயிரோட இருக்கறவங்க துணியா இருக்கணும். சரியா?"

"சரி அண்ணி."

என் மனைவி சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். அவள் அம்மாவின் சேலைத் தலைப்பு ஒன்றை ஆசையாக எடுத்துவைத்திருந்தாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் அதைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டாள். உள்ளே தன் பழைய காட்டன் சேலைகளை மடித்து வைத்து, மேலே எங்கள் எல்லோரையும் பரப்பி, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு முடித்தாள். கட்டம் போட்ட துண்டுக்குப் பக்கத்தில் நான் மைக் பிடிக்கும்போது போடுகிற மஞ்சள் சட்டைத் துண்டு. "மச்சானும் மாமனும் பக்கத்துல பக்கத்துல இருங்க" என்றாள்.

தைத்து முடிக்கவும் கோடை வரவும் சரியாக இருந்தது. கள்ளக்குறிச்சி வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டால் ஆள் இட்லியாக வெந்துவிடுவான். பீரோவில் வைக்க மனசு வரவில்லை. "ஓதத்த மறைச்ச மாரி ஆவும், மாட்டுங்க" என்றாள். மேல் ஓரத்தில் பட்டையாக ஒரு மடிப்புத் தைத்து, அதில் ஸ்கிரீன் கம்பியை நுழைத்து, கயிறு கட்டி, நான்தான் மாட்டினேன். ஆணி தேட வேண்டியிருக்கவில்லை. அப்பா ஆணி இருந்தது.

மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. லைட்டுக்காரன் புத்தி சும்மா இருக்குமா? மேலே காலி ஹோல்டரில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பைப் போட்டேன். அந்த ஹோல்டருக்கு ஸ்விட்சு கிடையாது. அப்பா படத்துக்கு விளக்கு அணையக்கூடாது என்று நானே நேர் லைனில் கொடுத்தது.

கடைக்குப் போய் வந்த மனைவி பார்த்தாள். "சோக்காத்தான் இருக்குது" என்றாள். இருவருக்குமே உறைக்கவில்லை. நம் வீடுகளில் சிவப்பு பல்பு போட்டு ஒன்றைச் சுவரில் மாட்டினால் அது இரண்டில் ஒன்றுதான்: சாமி, இல்லையென்றால் செத்தவர். போர்வை சாமி இல்லை.

எங்களை விட முதலில் கண்டுபிடித்தது பூக்காரம்மா. தினமும் சாமி படத்துக்கு ஒரு முழம் கொடுக்கிறவள், வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முழம் அளந்து போட்டாள்.

"எதுக்கும்மா ரெண்டு?"

"அதுக்கும் சேத்துதாங்க" என்று கண்ணாலேயே சுவரைக் காட்டினாள்.

அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தச் சுவருக்கு எதிரே வந்ததும் குரலை இறக்கினார்கள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண்கள் முதுகைக் காட்டி உட்காரவில்லை. பொழுது சாய்ந்தால் சிவப்பு வெளிச்சத்தில் எல்லாத் துணியும் ஒரே நிறமாகிவிடும். சேலை, வேட்டிக் கரை, என் மஞ்சள், எதுவும் தெரியாது. அந்தக் கட்டம் மட்டும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும், ஜன்னல் கம்பி மாதிரி. அந்தப் பக்கம் யாரோ இருக்கிற ஜன்னல்.

மனைவியின் சித்தப்பா ஒருநாள் வந்தார். அவருடைய வேட்டிக் கரையும் அதில் இருந்தது. ஆசையாகத் தேடினார். கண்டுபிடித்தார். மேலே பல்பைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, எங்கள எல்லாம் ஒண்ணா அனுப்பி வெச்சிட்டியா?"

"உங்களுக்குப் போற வழியில லைட்டு வேணாமா மாமா? கரன்ட்டு என்னுது."

அவர் சிரிக்கவில்லை. சாப்பிடாமல் போனார். நான் சிரித்தேன். பல்பை அன்றைக்கே கழற்றியிருக்கலாம். ஆனால் ஒரு ஜோக் நன்றாக அமைந்துவிட்டால் அதைக் கழற்ற எனக்கு மனசு வராது. வருகிற போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஈரத்தைப் பார்த்ததும் அந்த வாரத்தில்தான். கட்டம் போட்ட துண்டு மட்டும் கறுத்து, தொட்டால் சில்லென்று இருந்தது. அதை ஒட்டியிருந்த என் மஞ்சள் துண்டு காய்ந்து மொறுமொறுவென்று கிடந்தது. பின்னால் ஓதச் சுவர், நைந்த பருத்தித் துணி தண்ணீரை இழுக்கும், என் சட்டை பாலியஸ்டர், இழுக்காது. இப்படி எனக்கு நானே மைக் இல்லாமல் விளக்கம் சொல்லிக்கொண்டேன். போர்வையைத் தூக்கிச் சுவரைத் தடவிப் பார்த்தேன். மாட்டு முகம் அந்தத் துண்டுக்கு ஒரு முழம் கீழே இருந்தது. துண்டுக்கு நேர் பின்னால் சுவர் காய்ந்திருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. பாத்ரூமுக்குப் போனால் மட்டும் கதவைத் தாழ் போடாமல் இருக்கத் தொடங்கினேன்.

மச்சானின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். நர்ஸுக்குப் படித்த பெண். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை விஷயம் பேச வருகிறோம் என்றதும், டவுனில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னோம். நாங்கள் பெண்ணுக்கு அத்தை, மாமா. தங்கச்சி காலையிலேயே வந்து பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் போய் கேசரி கிண்டினாள். போர்வை தைக்கும்போது பார்த்திருக்கிறாள். மாட்டிய பிறகு பார்த்ததில்லை.

மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு பெரியப்பா. பெரியப்பாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"ஒரு சின்ன விசயங்க. பொண்ணோட அப்பா பேர பத்திரிகைல எப்படிப் போடறது? சும்மா போட்டா, ஆளு எங்கன்னு மண்டபத்துல நாலு பேரு கேப்பாங்க."

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகச் சேர்த்தாள். "முன்னால தெய்வத்திருன்னு போட்டுட்டா யாருக்கும் பேச்சு இல்லீங்க. அம்மாவும் மேடைக்கு வராம, கீழ நின்னு பாத்துக்கட்டும். மணையில அத்தையும் மாமாவும் குந்தித் தாரை வாத்துக் குடுத்துடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

அதாவது, ஒரு வார்த்தையை அச்சடித்துவிட்டால் மச்சான் செத்துவிடுவார். தங்கச்சி பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பாள். அவர் உட்காரவேண்டிய பலகையில் நான் உட்காருவேன். உள்ளே கேசரி கிண்டும் கரண்டிச் சத்தம் நின்றது.

"அது இன்னும் ஒண்ணும் முடிவாகலீங்களே…" என்று இழுத்தேன்.

பெரியப்பா சுவரைக் காட்டினார். "முடிவாகலன்னு எப்படிச் சொல்றீங்க? நீங்களே வெளக்கு போட்டு மாட்டி வெச்சிட்டீங்களே. பூக்காரம்மா வரைக்கும் சொல்றாங்க." தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போர்வைக்கு முன்னால் நின்று கும்பிட்டார். "தெய்வமா நின்னு பொண்ண பாத்துக்குவாரு."

ஏதாவது ஒரு ஜோக் சொல்லி இதை உடைக்கவேண்டும். வாயைத் திறந்தேன். முப்பது வருஷமாகக் கூப்பிடாமலே வந்து நிற்கிற ஜோக், அன்றைக்கு வரவில்லை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், பல்பும் ஆணியும் நேர் லைனும் எல்லாம் இருந்தன.

தங்கச்சி கேசரித் தட்டோடு வந்தாள். தட்டைக் கொடுக்கத் திரும்பியவள் சுவரைப் பார்த்தாள். மேலே பல்பைப் பார்த்தாள். பெரியப்பாவின் கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை. அவள் தட்டைத் தரையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நேராகப் போய்க் கட்டம் போட்ட துண்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"இன்னா அண்ணி?" என்றாள் என் மனைவி.

"ஈரமா இருக்குது."

"அது பாத்ரூம் ஓதம்மா…" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க தொட்டுப் பாருங்க அண்ணி. செத்தவங்க துணி ஈரமா இருக்குமா?"

அந்தம்மாள் தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள். ஒரு விரலை வைத்தாள். பிறகு நாலு விரலை. விரல்களை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். பயந்த முகம் இல்லை. துணி துவைக்கிறவர்களின் முகம்.

"சவுக்காரம் வாசன வருதே" என்றாள். "இது ஓதத் தண்ணி இல்லீங்க. இப்ப தோச்ச துணி."

எங்கள் வீட்டில் சவுக்காரமே கிடையாது. வாஷிங் மெஷினுக்குத் தூள்தான் வாங்குகிறோம். அந்தத் துண்டு தைக்கப்பட்டு மாதக்கணக்காகிறது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. போர்வை அசையவில்லை.

"ஈரத் துணிய யாருனா செவுத்துல மாட்டுவாங்களாண்ணா?" என்றாள் தங்கச்சி. குரலில் கோபம் இல்லை, கொடியில் துணி காயப்போட மறந்த வீட்டுக்காரனைக் கேட்பது போல. "நாறிப் போயிடும். காய வெக்க வேணாமா?"

கயிற்றைத் தூக்கிக் கழற்றி, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நான் கிளிப்புகளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பின்னாலேயே மாப்பிள்ளையின் அம்மாவும் வந்தாள். மொட்டை மாடியில் என் லுங்கிக்கும் மனைவியின் நைட்டிக்கும் நடுவில் இடம் ஒதுக்கி, இருவருமாகப் பிடித்துக் கொடியில் விரித்தார்கள். கால் வைக்க முடியாத வெயில். மேற்கே மலை மங்கலாகத் தெரிந்தது, அதன்மேல் மட்டும் மேகம்.

மாப்பிள்ளையின் அம்மா மாடியில் இருந்தபடியே கீழே குனிந்து தன் புருஷனிடம் சொன்னாள். "ஏங்க, பேர சும்மாவே போடச் சொல்லுங்க. முன்னால ஒண்ணும் வேணாம்."

"ஊரு கேக்குமே?"

"கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. நான் தொட்டுப் பாத்தேன்."

எல்லோரும் போனபிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பல்பைக் கழற்றினேன். கை சுட்டது. ஆணியையும் பிடுங்கினேன். பொழுது இறங்கியதும் துணி எடுக்க மாடிக்குப் போனேன். லுங்கி அப்பளமாகக் காய்ந்திருந்தது. போர்வையும் அப்படித்தான். கட்டம் போட்ட துண்டைத் தவிர.

கல்யாணத்துக்கு மைக் நான்தான். சொந்தக்காரன் என்பதால் அவர்களுக்கு வசதி. எத்தனையோ மண்டபத்தில் சொன்ன வரிதான். "பெண்ணின் தாய் தந்தையர் மேடைக்கு வரவும்." தாய் என்று மட்டும் சொல்லலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். மைக்கை வாயருகில் கொண்டுபோனேன். மணவறையில் இரண்டு பலகை போட்டிருந்தார்கள். தாய் தந்தையர் என்று இரண்டையும் சொன்னேன். ஸ்பீக்கர் ஒருமுறை இரைந்தது. மண்டபம் மொத்தமும் வாசலைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

தங்கச்சி தனியாகத்தான் வந்தாள். கையில் மடித்த போர்வை. ஒரு பலகையில் அதை வைத்தாள், கட்டம் மேலே தெரியும்படி. பக்கத்துப் பலகையில் அவள் உட்கார்ந்தாள். பொட்டு பெரிதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சொம்பை எடுத்துக் கொடுத்தாள். தாரை வார்த்தார்கள். பெண் முதலில் அம்மா காலில் விழுந்தாள், அப்புறம் போர்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு போர்வையை எடுத்தபோது அடியில் பலகை நனைந்திருந்தது. தாரை வார்த்த தண்ணீர் வழிந்திருக்கும். நான் அதற்குமேல் விசாரிக்கவில்லை.

போர்வை தங்கச்சியோடு போய்விட்டது. எங்கள் ஹாலில் மறுபடி மாட்டு முகம். மனைவி அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினாள், பசையால் ஒட்டி. ஆணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆடி மாதம் வெள்ளிமலையில் ஒரு திருவிழாவுக்கு லைட் கட்டப் போனேன். வண்டி மலையடிவாரத்தில் திரும்பும்போது ரோட்டில் இருந்தே தெரிந்தது, வாசல் கொடியில் போர்வை. வெள்ளிக்கிழமை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கட்டத் துண்டில் இருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னும் காயலியாம்மா அது?" என்று சிரித்தேன்.

"காஞ்சிடுச்சிண்ணா" என்றாள். "கல்யாணம் முடிஞ்ச மறுநாளே காஞ்சிடுச்சி. பொண்ணு கல்யாணம் வரைக்கும்தான் இருந்துது போல."

மலையைப் பார்த்தேன்.

"அப்ப இது?"

"நான்தான் நனைச்சேன்." வாளியில் கிடந்த மக்கை எடுத்து, அந்தத் துண்டின்மேல் மட்டும் படும்படி இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பஸ் ஒன்று மலைக்கு ஏறிப் போனது. ஜன்னல் ஓரத்தில் இருந்தவர்கள் கொடியைப் பார்த்துக்கொண்டே போனார்கள். "பக்கத்துல உன் துணி மேலயும் பட்டுடுச்சி பாரு, மன்னிச்சிக்கண்ணா."

மஞ்சள் துண்டு ஓரத்தில் கறுத்திருந்தது. அந்த நேரத்தில் முதுகில் சில்லென்று இருந்ததற்கு மலைக்காற்றுதான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

"ஊத்தும்மா, பரவால்ல" என்றேன். "நானும் உயிரோடதான இருக்கேன்."

அவள் சிரித்துவிட்டு, எனக்கும் சேர்த்து ஊற்றினாள்.